எது பெரிய பங்கு?



நான்காம் வகுப்பில் பயிலும் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, “மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா?” என்று கேட்டுப் பாருங்கள். “நான்கில் ஒன்றே பெரிது” என்று விடை வருமாயின் சினம் கொள்ள வேண்டாம். மூன்றைவிட நான்கு பெரிது என்று முதல் வகுப்பிலிருந்து நாமே கற்பித்திருக்கிறோம். அப்பாடத்தைப் பிள்ளை நன்றாகவே கற்றிருக்கிறது. பின்னத்தின் கீழே நிற்கும் எண், ஒரு முழுப் பொருள் எத்தனை சம துண்டுகளாக வெட்டப்பட்டது என்பதைக் குறிக்கிறது என்பதுதான் அதற்கு இன்னும் விளங்கவில்லை.

இவ்வேளையில் குறுக்கே பெருக்கும் விதியைச் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுவோர் பலர். விடை சரியாக வரும், காரணம் விளங்காது. விதி மறந்துபோன அன்று பிள்ளைக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இராது. “கணக்கு எனக்கு வராது” என்னும் சொல் இப்படித்தான் பிறக்கிறது. ஆதலின் விதிக்கு முன்னே படம் வரட்டும்.

பழைய நாட்காட்டித் தாளிலிருந்து 24 சென்டிமீட்டர் நீளமும் ஒரே அகலமும் உடைய ஐந்து பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றை அளவுகோல் கொண்டு முறையே 2, 3, 4, 6, 8 சம பகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு பகுதியின் நீளம் முறையே 12, 8, 6, 4, 3 சென்டிமீட்டராக அமையும். ஒவ்வொன்றிலும் முதல் பகுதிக்கு மட்டும் வண்ணம் தீட்டி, இடப்பக்க ஓரங்கள் நேராக நிற்குமாறு ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். பங்கு கேட்போர் கூடக் கூட ஒருவருக்குக் கிடைப்பது குறையும் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும். நீங்கள் சொல்லாதீர்கள், அதுவே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

பின்னர் அடுத்த படிக்குச் செல்லலாம். எட்டில் மூன்று, எட்டில் ஐந்து ஆகியவற்றில் துண்டுகள் ஒரே அளவு, எண்ணினால் போதும். எட்டில் மூன்று, ஆறில் நான்கு என்றால், பாதியை நடுவே வைத்துப் பார்க்கட்டும்: முன்னது பாதிக்குக் குறைவு, பின்னது பாதிக்கு மேல். மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று எனின், இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறது. நான்கில் மூன்றில் குறையும் துண்டு சிறியது; எனவே அதுவே பெரிய பங்கு. பட்டையில் அளந்தால் 16 சென்டிமீட்டரும் 18 சென்டிமீட்டரும் இதை மெய்ப்பிக்கும்.

படமும் சில வேளைகளில் ஏமாற்றும். பிள்ளை ஒரு பின்னத்திற்குப் பெரிய கட்டமும் மற்றதற்குச் சிறிய கட்டமும் வரைந்தால் விடை பிழைபடும். பெரிய தோசையில் கால் பங்கு, சின்னஞ்சிறு தோசையின் பாதியைவிட மிகுதியாக இருக்கலாம் அன்றோ? முழுமை ஒன்றாக இருந்தால்தான் பங்குகளை ஒப்பிட இயலும். வட்டத்தைக் கையால் மூன்று சம பங்காக்குவது பிள்ளைகளுக்குக் கடினம். ஆகவே தொடக்கத்தில் பட்டையே ஏற்றது. ஐந்தில் நான்கையும் ஆறில் ஐந்தையும் கையால் வரைந்தால் வேறுபாடு கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகலாம். அங்கே குறையும் துண்டைப் பற்றிய சிந்தனையே துணை.

நம் மொழியும் இதற்கு உதவுகிறது. “நான்கில் மூன்று” என்கையில், முழுமை எத்தனையாகப் பிரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் பழம்பெயர்கள் ஒன்றுக்கொன்று பாதி. ஒரு தாளை நான்கு முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் 16 பகுதிகள் தோன்றும். அவற்றுள் ஒன்றே வீசம். 1957-ஆம் ஆண்டு புதிய காசு வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. அக்காலத்தில் எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம் என்று சந்தைக்குச் சென்ற சிறுவனும் அறிந்திருந்தான். இன்று அந்தக் காசு கையில் இல்லை. மடித்த தாள் அதன் இடத்தில் நிற்கட்டும்.

இம்மாதம் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். விடை சரியாக வந்தபின்னும் “எப்படித் தெரிந்தது?” என்று ஒரு முறை கேளுங்கள். பட்டையைத் தொட்டுக் காட்டித் தன் சொல்லில் பிள்ளை விளக்குமாயின், பின்னம் அதற்குச் சொந்தமாகிவிட்டது என்று மகிழலாம்.