பெறுபவரும் பங்குதாரரே

ராச்டேல் என்ற ஊரின் பெயரை அறியாத கூட்டுறவாளர் இரார். 1844ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இருபத்தெட்டுப் பவுன் மூலதனத்துடன் ஏழைத் தொழிலாளர் சிலர் அங்கே ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். வாரம் இரண்டு பென்னி, மூன்று பென்னி என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் பங்கு செலுத்தியவர்கள் அவர்கள். நம் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் அக்கடையிலிருந்தே தொடங்குவர்.

அதே வடமேற்கு இங்கிலாந்தில், மெர்சி ஆறு கடலொடு கலக்குமிடத்தில், வாலஸி என்றோர் ஊர் உண்டு. அங்கே 1931ஆம் ஆண்டில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் வேறொரு முயற்சி தொடங்கியது. அது கூட்டுறவுச் சங்கம் அன்று. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி. எனினும் அப்பள்ளி வளர்ந்த வரலாற்றைப் படித்தபோது, அதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. அதனை அங்கத்தினர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய போர்வீரர்களுக்காக, 1916ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய பள்ளி முதன்முதலாக ஏற்பட்டது. பின்னர் போட்ஸ்டாம் நகரில் நடந்த ஒரு பள்ளியைக் கண்டு வியந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 1927ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் அதைப்பற்றி எழுதினார். அக்கட்டுரையைப் படிக்கக் கேட்ட மாரிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் அவருக்குக் கடிதம் எழுதி, சுவிட்சர்லாந்து சென்று, பட்டி என்ற நாயுடன் தாயகம் திரும்பினார். அதன் பயனாக 1929ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரில் ‘சீயிங் ஐ’ என்னும் பள்ளி தோன்றியது. பின்னர் அது நியூ ஜெர்சி மாநிலத்துக்கு மாறி இன்றளவும் நடந்து வருகிறது.

இச்செய்தி இங்கிலாந்தையும் எட்டியது. மியூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரு பெண்மணிகள் யூஸ்டிஸ் அம்மையாரின் துணையை நாடினர். பயிற்சியாளர் ஒருவரை அவர் அனுப்பிவைத்தார். ஜூடி, பிளாஷ், ஃபோலி, மேட்டா என்ற நான்கு நாய்கள் பழக்கப்பட்டு, பார்வையற்றோர் நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1934ஆம் ஆண்டில் முறையான சங்கம் அமைந்தது. இன்று பிரிட்டன் முழுவதும் பரந்துள்ள பெரிய அறநிறுவனம் அது. நாய்களுக்கான அதன் பணி அரசாங்க மானியத்தை நம்பி நடப்பதன்று. பொதுமக்களின் நன்கொடையையும் அவர்கள் எழுதிவைக்கும் உயில்களையும் நம்பியே பெரும்பாலும் நடக்கிறது.

ஒரு நாயைப் பிறப்பிலிருந்து ஓய்வு பெறும்வரை பேணுவதற்குப் பல பத்தாயிரம் பவுன் செலவாகிறது. இத்துணைப் பெருந்தொகை எங்கிருந்து வருகிறது? செல்வர் சிலர் கொடுப்பது உண்மையே. ஆனால் கடை வாயிலில் வைத்த உண்டியலில் விழும் சில்லறையும், ஊர்க் கூட்டங்களில் திரட்டும் சிறு தொகைகளும், மாதந்தோறும் தவறாமல் வரும் சந்தாவுமே அதன் வேர்கள். 1964ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி, காசு கேட்கவில்லை. பால் புட்டிகளின் மூடியையும் வெள்ளித் தாளையும் சேர்த்து அனுப்புமாறு குழந்தைகளைக் கேட்டது. குப்பைக்குப் போகவிருந்த பொருள் மலையாகக் குவிந்தது. அதை விற்ற பணத்தில் வாங்கிய ஹனி என்ற குட்டி, பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டும் நாயாக வளர்ந்தது. பணம் இல்லாத குழந்தையும் கொடுப்போர் வரிசையில் நிற்க முடிந்தது என்பதையே நான் இங்கே பெரிதாகக் கருதுகிறேன்.

ஆயினும் பணம் மட்டும் ஒரு நாயை உருவாக்கிவிடாது. ஏழெட்டு வாரமே ஆன குட்டி, தாயை விட்டுப் பிரிந்ததும் நேரே பள்ளிக்குச் செல்வதில்லை. யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டுக்குச் செல்கிறது. அங்கே ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ வளர்கிறது. பேருந்தில் ஏறவும், கடைத்தெருவின் இரைச்சலில் கலங்காதிருக்கவும், குழந்தைகளிடையே பணிவாக இருக்கவும் அக்குடும்பத்தாரே அதற்குக் கற்றுக்கொடுக்கின்றனர். உணவுக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் செலவைச் சங்கம் ஏற்கும். உழைப்புக்குக் கூலி இல்லை. இம்முறை பிரிட்டனில் 1956ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அமெரிக்காவிலோ அதற்கு முன்பே, 1942ஆம் ஆண்டு முதல், ‘நாலு எச்’ என்னும் கிராமப்புற இளைஞர் மன்றங்களைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் ‘சீயிங் ஐ’ பள்ளிக்காகக் குட்டிகளை வளர்த்துக் கொடுத்தனர்.

ஓராண்டு வளர்த்த குட்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் எளிய நாளன்று. கன்றை விற்றுவிட்டு வெறுங்கயிற்றுடன் வீடு திரும்பிய உழவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எனினும், திருப்பிக் கொடுத்தவர்களுள் பலர் மறுபடியும் அடுத்த குட்டியை ஏற்றுக்கொள்கின்றனர்.

பின்னரே தேர்ந்த பயிற்சியாளர்களிடம் அது மாதக்கணக்கில் பழகுகிறது. இப்பயிற்சியாளர்கள் ஊதியம் பெறும் பணியாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொண்டர்களின் உழைப்பைக் காட்டித் தொழில் தெரிந்தவரின் கூலியைக் குறைக்கும் வழக்கம் அங்கே இல்லை. சாலையோரம் வந்ததும் நிற்பது, தலையில் இடிக்கக்கூடிய கிளையை விலக்கி நடப்பது, வண்டி வரும்போது எசமானர் ‘முன்னே செல்’ என்று கட்டளையிட்டாலும் கீழ்ப்படியாமல் நிற்பது ஆகிய யாவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நாய்க்கு வழி தெரியும் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அது சரியன்று. எங்கே போகவேண்டும், எந்த முனையில் திரும்பவேண்டும் என்பதை அறிந்தவர் பார்வையற்றவரே. இடையூறுகளைக் கண்டு விலக்குவது மட்டுமே நாயின் பொறுப்பு. ஆகவே அவர் இழுத்துச் செல்லப்படுபவர் அல்லர், நடத்திச் செல்பவர்.

இந்த இடத்தில்தான் நான் கூறவந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். ‘சீயிங் ஐ’ பள்ளி, நாயைப் பெறுபவரிடம் ஒரு கட்டணம் வாங்குகிறது. முதல் நாய்க்கு 150 டாலர். பின்னர் பெறும் நாய்க்கு 50 டாலர். முன்னாள் போர்வீரராயின் ஒரே டாலர். உண்மைச் செலவுக்கு முன் இது தூசு. பல பத்தாண்டுகளாக இத்தொகையை அவர்கள் உயர்த்தவுமில்லை, நீக்கவுமில்லை. பிரிட்டனிலும் நெடுங்காலம் 50 பென்ஸ் என்ற பெயரளவுத் தொகை வாங்கப்பட்டது. ஐம்பது பென்ஸால் ஒரு நாயின் ஒரு வேளை உணவுக்கும் காணாது. பின் எதற்காக வாங்கினர்? ‘இது பிச்சையன்று, நான் விலை கொடுத்துப் பெற்றது’ என்று அவர் தலைநிமிர்ந்து கூறவேண்டும் என்பதற்காகவே. கூட்டுறவு மொழியில் கூறினால், அது பங்குத் தொகை.

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லாப் பள்ளிகளும் கட்டணம் வாங்குவதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் அரிமா சங்கத்தினர் 1939ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி நாயையும் பயிற்சியையும் இலவசமாகவே அளிக்கிறது. ஏழைக்கு ஒரு டாலரும் பாரமாகலாம் அல்லவா என்று கேட்பார் உளர். அக்கேள்வி நியாயமானதே. நானும் காசை வற்புறுத்தவில்லை. பெறுபவரிடம் காசு கேட்கலாம், அல்லது உழைப்புக் கேட்கலாம், அதுவும் இல்லையேல் கருத்தையாவது கேட்கலாம். யாதொன்றும் கேளாமல், அவரைக் கையேந்துபவராக மட்டும் நிறுத்திவைப்பதே குற்றம்.

இன்னொரு மறுப்பு, தொண்டைப் பற்றியது. ‘வசதியுள்ள ஒருவர் பெருந்தொகையாகக் கொடுத்துவிட்டால் இத்தனை பேரை ஏன் அலைக்கழிக்க வேண்டும்?’ என்பர் சிலர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இதற்கு விடை கூறிற்று. அவ்வாண்டில் பிரிட்டனில் குட்டிகளை இனவிருத்தி செய்வதும் நாய்களைப் பழக்குவதும் சில மாதங்கள் நின்றன. அதன் பின்னர் நாய்க்காகக் காத்திருப்போரின் பட்டியல் நீண்டது. பணம் இருந்தாலும் போன மாதங்களைத் திரும்ப வாங்க இயலாது. ஒரு வீட்டின் ஓராண்டுக் கவனிப்புக்கு ஈடாக வங்கிக் காசோலையைத் தர இயலாது. தெருவில் பாவு நீட்டும்போது, இரு முனையிலும் ஆள் நின்றால்தான் வேலை நடக்கும். நூலுக்குப் பணம் கட்டியவர் வீட்டில் உறங்கினால் பாவு தானாக விறைக்காது என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். ஊரும் பெயரும் வேண்டா. அச்சங்கம் பொதுநல நிதியிலிருந்து பார்வையற்றோர் சிலருக்குக் கைத்தடி வழங்கி விழா எடுத்திருந்தது. தீர்மானம் முறையாக இருந்தது. வவுச்சர்களும் சரியாக இருந்தன. ஆனால் தடிகளுக்கான செலவைவிடப் பந்தலுக்கும் மாலைக்கும் புகைப்படத்துக்கும் ஆன செலவு மிகுதி. சட்டப்படி குறிப்பு எழுத இடமில்லை. நானும் கையொப்பமிட்டேன்.

மாலையில் நான் புறப்படும் வேளையில், தடி பெற்றவர்களுள் ஒருவர் அலுவலகத் திண்ணைக்கு வந்தார். முப்பதாண்டுகள் தறியில் அமர்ந்து, பின்னர் பார்வை இழந்த முதியவர். “ஐயா, கணக்குப் பார்க்க வந்தவங்க நீங்கதானுங்களா? என் பங்கு இன்னும் சங்கத்தில் இருக்குதுங்களா, எடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். பங்குப் பேரேட்டைத் திறந்து பார்த்தேன். அவருடைய எண்ணும் பெயரும் தொகையும் அப்படியே இருந்தன. “இருக்கிறது, பெரியவரே” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா மகாசபை நோட்டீஸு எனக்கும் வரணுமில்லீங்களா? நாலு வருசமா வரலீங்க” என்றார்.

காரியதரிசியைக் கேட்டேன். “அவருக்குத்தான் படிக்க முடியாதே, சார்” என்பது விடை. அவர் தீய எண்ணத்தால் அவ்வாறு செய்தவர் அல்லர். தடி வாங்கிக்கொடுப்பதில் முன்நின்றவரும் அவரே. எனினும் ஓர் அங்கத்தினரைப் பயனாளி ஆக்கிய மறுகணமே அங்கத்தினர் பட்டியலிலிருந்து அவரை மனத்தால் நீக்கிவிட்டோம். தடியைக் கொடுத்தோம், வாக்கைப் பறித்தோம். பந்தல் செலவைப் பற்றி எழுத முடியாத நான், அனுப்பப்படாத அறிவிப்பைப் பற்றி அன்று ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். அடுத்த மகாசபையின் அறிவிப்பை ஊழியர் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று படித்துக் காட்டியதாகப் பின்னர் அறிந்தேன்.

சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் கூடியபோது, சமுதாயத்தின்பால் அக்கறை என்பதை ஏழாவது கொள்கையாகச் சேர்த்தது. கொள்கையைச் சுவரில் எழுதிவிட்டோம். அதை நடத்தும் முறைக்கு, வாலஸியின் மோட்டார்க் கொட்டகையில் தொடங்கிய பள்ளியின் வரலாறு நமக்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது என்பேன்.

ஒன்று: ஆண்டுக்கொரு முறை விழா எடுத்து மொத்தமாகக் கொடுப்பதைவிட, சிறு தொகையாயினும் மாதந்தோறும் தவறாமல் கொடுப்பதே மேல். ஒரு பள்ளியோ விடுதியோ அடுத்த மாதத்துக்கு இவ்வளவு வரும் என்று நம்பினால்தான் ஓர் ஆசிரியரை வேலைக்கு வைக்க முடியும்.

இரண்டு: காசைப் போலவே உழைப்பையும் கணக்கில் எழுதுங்கள். பார்வையற்ற மாணவருக்குப் பாடம் படித்துக் காட்டியவர் யார், மருத்துவமனைக்கு உடன் சென்றவர் யார், எத்தனை நாள் என்பதைப் பதிந்து மகாசபையில் படியுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அளப்பது கஞ்சத்தனத்துக்காகவன்று, கொடுத்தது உரியவரைச் சேர்ந்ததா என்று அறிவதற்காகவே.

மூன்று: பெறுபவரைக் கேளுங்கள். என்ன வேண்டும், எப்போது வேண்டும், தாம் என்ன செய்ய இயலும் என்று கேட்டு, அதன் பின்னரே தீர்மானம் எழுதுங்கள். பார்வை இழந்த நெசவாளருக்கு நூலின் நயம் விரல் நுனியில் தெரியும். அவரிடம் கேட்டால் சங்கத்துக்கும் நன்மை உண்டு.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டா. புதிய நிதியும் வேண்டா. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம் போதும். அங்கத்தினர் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அறிவிப்புச் சென்று சேராத வீடுகள் எவை என்று முதலில் பாருங்கள். உதவித் தொகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.