நிலம் இருக்கு, வாரிசு இல்லை. ஆள் இருக்கு, நிலம் இல்லை: அமெரிக்க விவசாயத்தில் என்ன சிக்கல்?

"இந்தக் காலத்துப் பசங்க யாரும் விவசாயத்துக்கு வர மாட்டேங்கிறாங்க" என்ற புலம்பல் எல்லா நாட்டிலும் கேட்பதுதான். அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. வரத் தயாராக இளைஞர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய விவசாயிகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் கையிலிருந்து இவர்கள் கைக்கு நிலம் போவதுதான் நடக்கவில்லை. ஏன்?

எண்கள் சொல்வது என்ன?

2022-ம் ஆண்டு அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டு விவசாயியின் சராசரி வயது 58.1. சுமார் 13 லட்சம் விவசாயிகள் 65 வயதைக் கடந்தவர்கள். 35 வயதுக்கு உட்பட்டவர்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. பண்ணைகளின் எண்ணிக்கை 2017-ல் 20 லட்சத்துக்கு மேல் இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதில் சுமார் 1.4 லட்சம் குறைந்துவிட்டது.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1980-களில் கடன் நெருக்கடி வந்தபோது, ஐயோவா மாநிலத்தில் நிலத்தின் விலை 1981 முதல் 1986-க்குள் 63 சதவீதம் சரிந்தது. பல குடும்பங்கள் பண்ணையை இழந்தன. "இந்தப் பொழப்பு உனக்கு வேண்டாம்" என்று பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பிய பெற்றோர் ஏராளம். இன்று பொறுப்பேற்க வேண்டிய தலைமுறை அப்போதே வெளியேறிவிட்டது.

பணம் கொடுத்து வாங்கிவிட முடியாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐயோவாவில் நல்ல நிலம் ஏக்கர் 10,000 டாலருக்கு மேல் போகிறது. 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், ஆண்டுக்கு வட்டி மட்டும் ஏக்கருக்கு 700 டாலர். அந்த ஏக்கரில் 200 புஷல் மக்காச்சோளம் விளைந்து, புஷல் 4 டாலருக்கு விற்றால் மொத்த வரவே 800 டாலர்தான். விதை, உரம், டீசல் செலவெல்லாம் அந்த மீதி 100 டாலரில் எப்படி அடங்கும்?

அப்போ யார்தான் வாங்குகிறார்கள்? ஏற்கெனவே கடனில்லாத நிலம் நிறைய வைத்திருக்கும் பக்கத்துப் பெரிய விவசாயி, அல்லது முதலீட்டாளர். தேசிய இளம் விவசாயிகள் கூட்டமைப்பு 2022-ல் நடத்திய ஆய்வில், கட்டுப்படியாகும் விலையில் நிலம் கிடைப்பது மிகக் கடினம் என்று 59 சதவீதம் பேர் சொன்னதில் ஆச்சரியமில்லை.

முதியவர்கள் ஏன் விற்பதில்லை?

இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

உதாரணத்துக்கு, 77 வயது விவசாயி ஒருவர் 1970-களின் நடுவில் ஏக்கர் 1,000 டாலருக்கு 300 ஏக்கர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அதன் மதிப்பு 30 லட்சம் டாலர். இப்போது விற்றால் 27 லட்சம் டாலர் லாபம்; மூலதன ஆதாய வரியாக மத்திய அரசுக்கே 5 லட்சம் டாலருக்கு மேல் போய்விடும். விற்காமல் கடைசி வரை வைத்திருந்தால்? வாரிசுகள் கைக்கு வரும்போது, அன்றைய சந்தை மதிப்பையே அவர்கள் வாங்கிய விலையாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுநாளே விற்றாலும் அந்த 27 லட்சத்துக்கு வரி இல்லை. எந்த ஆடிட்டரும் "இருக்கட்டும், அவசரப்படாதீங்க" என்றுதான் சொல்வார்.

இன்னொன்று, அந்த நிலம்தான் அவருடைய பென்ஷன். குத்தகைப் பணம் மாதாமாதம் சோறு போடுகிறது. அதோடு பிள்ளைகள் விவகாரமும் இருக்கிறது. மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் 20 வருடம் அப்பாவோடு வயலில் நின்றிருப்பார். சமமாகப் பங்கு வைத்தால், மற்ற இருவர் பங்கையும் சந்தை விலைக்கு வாங்க அவரால் முடியாது. அவருக்கே கொடுத்தால் மற்றவர்களுக்கு மனக்கசப்பு. பேசினால் சண்டை வருமே என்று பேசாமலே பல குடும்பங்கள் காலத்தைத் தள்ளுகின்றன.

இருவரையும் சேர்த்து வைக்கும் திட்டங்கள் உண்டா?

உண்டு. வாரிசு இல்லாத விவசாயியையும் நிலம் தேடும் இளைஞரையும் இணைக்கும் 'லேண்ட் லிங்க்' அமைப்புகள் 1990-களிலிருந்தே பல மாநிலங்களில் இருக்கின்றன. கிட்டத்தட்ட வரன் பார்ப்பது மாதிரிதான். ஆனால், தேடுகிற இளைஞர்கள் அதிகம், தர முன்வருபவர்கள் குறைவு. ஜாதகம் பொருந்தினாலும் பணப் பொருத்தம் இல்லாமல் முறிந்துபோவதும் உண்டு.

அரசும் சும்மா இல்லை. புதிய விவசாயிக்குக் குத்தகைக்கு விடும் நில உரிமையாளருக்கு, ரொக்கக் குத்தகையில் 10 சதவீதத்தை வரிச் சலுகையாக நெப்ராஸ்கா மாநிலம் தருகிறது. 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த வரிச் சட்டத்தில், விவசாயம் செய்பவருக்கே நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியை நான்கு ஆண்டுத் தவணைகளில் கட்டலாம். அந்த நிலத்தை 10 ஆண்டுகளுக்கு வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது இரண்டு. வரி தள்ளித்தான் போகிறது, தள்ளுபடி ஆகவில்லை. வாங்குபவர் புதியவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஏற்கெனவே பல ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்து விவசாயிக்கு விற்றாலும் அதே சலுகைதான்.

அப்படியானால் எதுதான் கைகொடுக்கிறது?

ஒரே நாளில் கிரயம் முடிப்பதல்ல, படிப்படியாக ஒப்படைப்பது. இளைஞர் முதலில் அங்கேயே வேலைக்குச் சேர்கிறார். அடுத்து கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார். பிறகு மாடுகளையும் இயந்திரங்களையும் சிறிது சிறிதாக வாங்குகிறார். கடைசியில்தான் நிலம், அதுவும் வங்கிக்குப் போகாமல் முதியவருக்கே ஆண்டுதோறும் தவணை கட்டுகிறார். முதியவருக்கு அது பென்ஷன். தவணையாக வருவதால் ஆதாய வரியும் பல ஆண்டுகளுக்குப் பரவுகிறது.

இதற்குப் பத்து ஆண்டுகளாவது வேண்டும். 60 வயதில் பேச ஆரம்பித்தால் காலம் இருக்கிறது; 77-ல் கஷ்டம். பேசாமலே விட்டால், வெளியூரில் இருக்கும் வாரிசுகள் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். ஏலத்தில் ஜெயிப்பது பெரிய பணம்தான். நிலத்தில் பயிர் அப்போதும் விளையும். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்க ஒரு குடும்பமும், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.