தவறான நிரூபணத்தையும் பாடத்தில் வையுங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 'தேற்றத்தை எழுதி நிறுவுக' என்று வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நிம்மதி. தேல்ஸ், பிதாகரஸ், கோண இருசமவெட்டி என்று மனப்பாடம் பண்ணி வைத்ததை வரி பிசகாமல் இறக்கிவிடுவார்கள். திருத்துகிற நாங்களும் படத்துக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு என்று ஸ்டெப் மார்க் போட்டுக்கொண்டே போவோம். அந்த வரி ஏன் சரி என்று எழுதியவனுக்குத் தெரியுமா என்று விடைத்தாள் சொல்லாது. நிரூபணம் என்று அச்சில் வந்தால் நம்பியே ஆகவேண்டும் என்ற பழக்கத்தைத்தான் நாங்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பொய் நிரூபணத்தைக் கொடுத்து 'பிழை எங்கே, ஏன்?' என்று கேட்கும் வினா பொதுத்தேர்விலேயே வரவேண்டும் என்கிறேன்.

பூச்சியத்தால் வகுத்து 1 = 2 என்று காட்டும் வித்தை எல்லாருக்கும் தெரிந்தது. 'வகுக்கக் கூடாது' என்ற ஒரு வார்த்தையில் அது முடிந்துபோகிறது. நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் கரும்பலகையில் எழுதுவது வேறு: 'எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே.' நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் சுற்றிவரும் பொய்.

முக்கோணத்தின் உச்சி க, அடிப்பக்கம் சட. உச்சிக் கோணத்தின் இருசமவெட்டியும் சட-வின் மையக்குத்துக்கோடும் ம என்ற புள்ளியில் சந்திக்கட்டும். ம-விலிருந்து கச பக்கத்துக்கு மப, கட பக்கத்துக்கு மர என்று செங்குத்துகள் வரைகிறோம். கமப, கமர இரண்டும் சர்வசமம். ஆகவே கப = கர, மப = மர. ம மையக்குத்துக்கோட்டில் இருப்பதால் மச = மட. கர்ணமும் ஒரு பக்கமும் சமமான செங்கோண முக்கோணங்கள் என்பதால் மபச, மரட இரண்டும் சர்வசமம். எனவே பச = ரட. கூட்டுங்கள்: கப + பச = கர + ரட. அதாவது கச = கட.

வகுப்பில் உடனே கை தூக்குகிறவர்கள் எல்லாரும் சர்வசமத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். அங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு சர்வசமமும் சுத்தமாக நிற்கின்றன. கொஞ்ச நேரம் தவிக்க விட்டு, அளவுகோலும் கவராயமும் எடுக்கச் சொல்வேன். கச 8 செ.மீ., கட 5 செ.மீ., சட 7 செ.மீ. உச்சிக் கோணம் சரியாக 60 டிகிரி வரும். நேர்த்தியாக வரைந்தால் ம முக்கோணத்துக்கு வெளியே, சட-வுக்குக் கீழே போய் விழுகிறது. சுற்றுவட்டம் போட்டுப் பார்த்தால் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். கப, கர இரண்டும் 6.5 செ.மீ. ஆனால் கட-வின் நீளமே 5 தானே? அப்படியானால் ர அந்தப் பக்கத்தில் இல்லை, அதை நீட்டிய கோட்டில் இருக்கிறது. 8 என்பது 6.5 + 1.5, 5 என்பது 6.5 − 1.5. ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். எழுதிய காரணங்களில் குற்றமே கிடையாது. ம உள்ளேதான் இருக்கும், ப-வும் ர-வும் பக்கங்களின் மேல்தான் விழும் என்று கைக்கு வந்தபடி போட்ட படம் சொன்னது. யாரும் கேட்காமல் ஒப்புக்கொண்டோம். இதை முதலில் பிடிப்பது பெரும்பாலும் ரேங்க் எடுக்கிற பிள்ளை அல்ல, படத்தைப் பொறுமையாக வரைகிற பிள்ளை. அந்த முகத்தைப் பார்க்கிறபோது எனக்கு உண்டாகும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இப்படி நேரும் என்று நினைக்க வேண்டாம். எந்த வரைபடத்திலும் ஒட்டியிருக்கும் பகுதிகள் ஒரே வண்ணம் பெறாமல் தீட்ட நான்கு வண்ணம் போதும் என்பதை நிரூபித்துவிட்டதாக லண்டன் வழக்கறிஞர் ஆல்ஃபிரட் கெம்பே 1879-ல் எழுதினார். கணித உலகம் ஏற்றுக்கொண்டது. 1890-ல் பெர்சி ஹீவுட் ஒரு வரைபடத்தைப் போட்டு, அது நிற்காது என்று காட்டும்வரை பதினோரு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. சிக்கலான ஒரு கட்டத்தில் கெம்பே இரண்டு சங்கிலிகளில் (இரண்டே வண்ணங்கள் மாறிமாறி வரும் பகுதிகளின் தொடர்களில்) வண்ணங்களை இடம் மாற்றுகிறார். ஒவ்வொரு மாற்றமும் தனியாகச் செல்லும். ஒன்றைச் செய்ததும் மற்றதற்கு இருந்த ஆதாரம் குலையக்கூடும் என்பதுதான் விடுபட்டது. இங்கும் எழுதிய வரிகளுக்கு நடுவில்தான் ஓட்டை.

கெம்பே தன் பிழையை ஒப்புக்கொண்டார். ஹீவுட்டோ அதே சங்கிலி உத்தியை வைத்து ஐந்து வண்ணம் போதும் என்று நிரூபித்தார். 1976-ல் அப்பெலும் ஹாக்கனும் கணினியின் துணையோடு நான்கு வண்ணத்தை முடித்தபோதும் கெம்பே தொடங்கிய பாதையில்தான் போனார்கள். ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-ல் கேம்பிரிட்ஜில் அறிவித்த ஃபெர்மா நிரூபணத்திலும் சரிபார்க்கும்போது ஓட்டை அகப்பட்டது. ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து அதை அடைக்க மறு வருஷம் செப்டம்பர் ஆயிற்று. கணிதம் ஓடுவதே ஒருவர் எழுதியதை இன்னொருவர் விடாமல் கேள்வி கேட்பதால்தான். அந்த வேலையை மாத்திரம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி?

இது மெதுவாகப் படிக்கும் மாணவர்களைக் குழப்பிவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பொய்யைக் காட்டிவிட்டு அதே வகுப்பில் அவிழ்க்காமல் மணி அடித்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதற்கு இரண்டு பாடவேளையைச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிலபஸை முடிக்கிற ஓட்டத்தில் அது சுலபமில்லை என்பதும் தெரியும். ஆனால் வடிவியலை வகுத்துக் கொடுத்த யூக்ளிடே மாணவர்களுக்குப் பயிற்சி தர போலி வாதங்களுக்கென்று தனிப் புத்தகம் எழுதினார் என்று, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த புரோக்ளஸ் குறிப்பிடுகிறார். புத்தகம் நம் கைக்கு வரவில்லை. எண்ணம் அவ்வளவு பழையது.

தேர்வில் வந்தால்தான் வகுப்பில் நடக்கும் என்பது நம் ஊர் வழக்கம். ஆகவே ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் வினாவோடு தொடங்கட்டும். பிழையான வரியையோ சொல்லாமல் விட்ட அனுமானத்தையோ சுட்டினால் 2, காரணம் எழுதினால் 3. வினாவை வருஷா வருஷம் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் இதற்கும் ஒரு கைடு கடைக்கு வந்துவிடும்.