ரகசியம் யாருக்கு?

இந்தியக் குடிமகனுக்கு அரசாங்கம் கட்டித் தரும் அறைகளில் மிகச் சிறியது வாக்குச்சாவடியின் அட்டைத் தடுப்புதான். மூன்று பக்கம் மறைப்பு, நடுவில் ஒரு மேஜை, மேஜை மீது ஓர் இயந்திரம். வாக்காளர் அதற்குள் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் உள்ளே எட்டிப் பார்க்க கலெக்டருக்கும் உரிமை இல்லை. வேலை கொடுக்கும் பண்ணையாரும், வட்டிக்குக் கொடுத்தவரும், ஊர்ப் பெரிய மனிதரும், வீட்டில் அதட்டும் கணவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முதல் பொதுத் தேர்தலிலேயே இந்த மறைப்புக்கு ஏற்பாடு இருந்தது. 1951-52இல் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டி மீது சின்னம், எல்லாப் பெட்டிகளும் திரைக்குப் பின்னால். கைநாட்டுக்காரரும் யாருக்கும் தெரியாமல் தன் சீட்டைப் போட முடிந்தது. வாக்கின் ரகசியத்தைக் காக்கத் தவறும் தேர்தல் ஊழியருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆவது பிரிவு சொல்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதிதான். ஆதாரை எதிர்த்து 2012இல் கோர்ட்டுக்குப் போனவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கு வயது 86. அப்படி ஓர் உரிமையே அரசியல் சாசனத்தில் இல்லை என்று, 1954லும் 1962லும் வந்த தீர்ப்புகளைக் காட்டி மத்திய அரசு வாதாடியது. சட்டம் படித்தவர்கள் இப்படி மோதிக்கொண்டிருந்த விஷயம் சாதாரண வாக்காளருக்குப் பழக்கமானது. திரைக்குப் பின்னால் நிற்கிறவரைக்கும்தான் தனக்குத் துணிச்சல் என்பது அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும்.

இந்த மறைப்பின் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. கேள்வி கேட்கிறவருக்கு மறைப்பு, பதில் சொல்ல வேண்டியவருக்கு வெளிச்சம். வாக்காளர் யாருக்கு வாக்களித்தார் என்று எவரும் கேட்கக் கூடாது. ஆனால் அந்த வாக்கை வாங்கிச் சட்டசபைக்குப் போனவர், மாநிலங்களவைத் தேர்தலில் தன் வாக்குச் சீட்டைக் கட்சியின் ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். 2003இல் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2013 செப்டம்பரில் வந்த ‘நோட்டா’ தீர்ப்பும் இதே கொள்கையின் மறுபக்கம். அதற்கு முன் எந்த வேட்பாளரையும் பிடிக்காதவர், அதை வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ‘யாரும் வேண்டாம்’ என்பவரை மட்டும் ஊருக்குக் காட்டிக்கொடுப்பது நியாயமல்ல என்றுதான் இயந்திரத்தில் தனிப் பொத்தான் வந்தது.

இன்று இந்த ஏற்பாடு மெல்ல மெல்லத் தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. வாக்காளர் மீது வெளிச்சம் விழுகிறது. மறைப்பு இடம் மாறி, பதில் சொல்ல வேண்டியவர்கள் பக்கம் போகிறது.

முதல் கிழிசல் வாக்கு எண்ணும் மேஜையில் விழுந்தது. சீட்டுகள் இருந்த காலத்தில், பல வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண வழி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது கலவையில் கரைந்துவிடும். இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடிக்கும் தனிக் கணக்கு. ஆயிரம் சொச்சம் வாக்காளர்கள் உள்ள ஒரு சாவடி, பல இடங்களில் ஒரு சிறு கிராமம் அல்லது ஒரு சாதியின் குடியிருப்பு. தனி மனிதரின் வாக்கு ரகசியம்தான். ஆனால் அவருடைய தெருவின் வாக்கு பகிரங்கம்.

இந்த ஆபத்து கற்பனையல்ல. 2019 மக்களவைத் தேர்தலின்போது அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, தனக்குக் கிடைக்கும் வாக்கு விகிதத்தை வைத்துக் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து, அந்த வரிசையில் வேலைகள் நடக்கும் என்று உத்தரப் பிரதேசக் கூட்டமொன்றில் வெளிப்படையாகவே பேசினார். தேர்தல் கமிஷன் கண்டித்தது. அவர் மைக்கில் சொன்னதை மற்றவர்கள் மனதுக்குள் செய்துகொள்ளலாம்; கணக்குதான் கையில் இருக்கிறதே. இதைத் தடுக்க, பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியை 2008லேயே தேர்தல் கமிஷன் யோசனையாக முன்வைத்தது. 2015இல் சட்டக் கமிஷன் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிவாரிக் கணக்கு தெரிந்தால்தான் கட்சிகள் பின்தங்கிய இடங்களில் கவனம் செலுத்த முடியும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கட்சிக்கு வசதி என்பதால் வாக்காளரின் மறைப்பு ஓர் அங்குலம் குறைந்தது.

இரண்டாவது கிழிசல் வாக்காளரின் சட்டைப் பையில் இருக்கிறது. தேர்தல் நெருங்கினால் அவருடைய செல்போன் ஓயாமல் ஒலிக்கிறது. பெயர் சொல்லி அழைக்கும் குரல், அவர் தொகுதியைக் குறிப்பிடும் செய்தி, அவர் சேரச் சொல்லாத வாட்ஸ்அப் குழு. எண் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்கு நேரான பதில் வருவதில்லை. 2018இல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் ஃபேஸ்புக் தந்த கணக்கு இதை விளக்கும். இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களுடைய நட்பு வட்டம் வழியாக விவரம் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். தன் கதவைப் பூட்டியவருக்கும் பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாகத் திருட்டு போகும் காலம் இது.

2021 புதுச்சேரி சட்டசபைத் தேர்தலில் இந்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. ஆதாரோடு இணைந்த செல்போன் எண்களைப் பெற்று பாரதிய ஜனதா கட்சி வாக்காளர்களுக்குச் செய்தி அனுப்பியதாகப் புகார். தொண்டர்கள் வீடு வீடாகச் சேகரித்த எண்கள் என்றது கட்சி. தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். 2024 மார்ச்சில், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பின்பும் ‘விகசித் பாரத்’ பெயரில் வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. அவற்றை உடனே நிறுத்தும்படி தேர்தல் கமிஷன் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. எந்தக் கட்சியும் இதில் சன்னியாசி அல்ல. அரசாங்கத்திடம் சலுகைக்காகக் கொடுத்த விவரமும், கடையில் பில் போடக் கொடுத்த எண்ணும் எந்தக் கணினியில் போய்ச் சந்திக்கின்றன என்பது வாக்காளருக்கு மட்டும் தெரியாது.

இவ்வளவு வெளிச்சத்தில் வாக்காளர் நிற்க, ‘அந்தரங்கம்’ என்ற சொல்லை வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. ஸ்டேட் பாங்கில் அடையாளம் காட்டி வாங்க வேண்டும். வாங்கியவர் யார் என்று வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. நன்கொடையாளரின் அந்தரங்கம் என்றது மத்திய அரசு. சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்ற பிறகு, 2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். ஒருவரின் அரசியல் சார்பு அந்தரங்கமானது என்பதை கோர்ட்டு மறுக்கவில்லை. கைமாறு எதிர்பார்த்துக் கொடுக்கும் பெரும் பணத்துக்கு அந்தப் போர்வை கிடையாது என்றது.

அடுத்து, தகவல் அறியும் உரிமை. 1994 முதல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் நடத்திய கூட்டங்களில் கூலி வேலைக்கான மஸ்டர் ரோல்களை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களும் செத்துப்போனவர்களும் அதில் கூலி வாங்கியிருந்தார்கள். பெயரைப் படித்ததால்தான் திருட்டு தெரிந்தது. அந்தப் போராட்டங்களின் வழியில் வந்ததுதான் 2005ஆம் ஆண்டுச் சட்டம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொது வாழ்வோடு தொடர்பில்லாத சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம், பொது நலன் பெரிதென்றால் அதையும் தர வேண்டும் என்று இருந்தது. இப்போது ‘தனிநபர் விவரம்’ என்று சொன்னாலே மறுத்துவிடலாம். 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. பொது நலனுக்காகத் தகவல் தர வழி செய்யும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. ஆனால் ‘தரலாம்’ என்பதற்கும் ‘மறுக்க முடியாது’ என்பதற்கும் உள்ள தூரத்தை, அரசு அலுவலகப் படியேறிய எவரும் அறிவார்கள்.

கடைசியாக வாக்காளரின் பெயரிலேயே ஒரு மறைப்பு. 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆவது விதி திருத்தப்பட்டு, வாக்குச்சாவடி கேமரா பதிவுகள் பொதுமக்கள் பார்வையிடும் ஆவணப் பட்டியலுக்கு வெளியே போயின. 2025 மே மாதத்தில், வழக்கு எதுவும் இல்லையென்றால் அவற்றை முடிவு வெளியான 45 நாள் வரை வைத்திருந்தால் போதும் என்றது கமிஷன். வாக்காளரின் அந்தரங்கமும் பாதுகாப்பும்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த பயத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது; யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்துப் பழி தீர்ப்பவர்கள் இருக்கலாம். ஆனால் வந்தவர் பெயரைக் கட்சி ஏஜெண்டுகள் சாவடிக்குள்ளேயே பட்டியலில் குறித்துக்கொள்கிறார்கள். வரிசை எப்போதும் பகிரங்கம்தான். பொத்தான் மட்டுமே ரகசியம். முகங்களை இணையத்தில் பரப்பாமல், வேட்பாளருக்கோ கோர்ட்டுக்கோ பதிவைக் காட்டத் தக்க நிபந்தனைகளை வகுத்திருக்கலாம்.

வெளிச்சம் வாக்காளருக்கு உதவும் இடமும் உண்டு என்பதற்கு பீகார் சாட்சி. அங்கு 2025இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. எவருடைய பெயர், என்ன காரணம் என்பதை வெளியிடும்படி ஆகஸ்ட் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்க, அது இல்லை என்பது முதலில் தெரிய வேண்டுமே.

ஆகவே எல்லாவற்றையும் மூடு என்பதோ, எல்லாவற்றையும் திற என்பதோ சாதாரணக் குடிமகனின் கட்சி அல்ல. அவர் கேட்பது இரண்டே இரண்டு. பட்டியலில் தன் பெயர் இருப்பது ஊருக்குத் தெரியட்டும்; பொத்தானில் தன் விரல் எங்கே போனது என்பது தெரிய வேண்டாம். தன் வாக்கு எப்படி எண்ணப்பட்டது, அதை வாங்கிய கட்சிக்கு யார் பணம் தந்தார்கள் என்பது தனக்குத் தெரியட்டும். தன் போன் எண்ணும் தெருக் கணக்கும் கட்சி அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம். இனி எந்த அதிகாரியாவது ‘அந்தரங்கம்’ என்று சொல்லிக் கோப்பை மூடினால், அவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒற்றைச் சொல்தான்: யாருடையது?