நோயெதிர்ப்பு மட்டும் போதுமா?

புதிய இனமொன்றைத் தெரிவு செய்யும்பொழுது கமக்காரர் முதலிற் கேட்பது, "இது நோயை எதிர்க்குமா?" என்பதாகும். கேள்வி நன்றே. ஆயினும், "ஆம்" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி விதைக்குப் பணங் கொடுத்தல் நன்றன்று. இதனை ஒரு பழமரத்தைக் கொண்டு விளக்குவோம்.

நாம் பெயார்ஸ் என வழங்கும் பழமரத்துக்கு ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பெரும் பகை தீக்கருகல் நோயாகும். இது பற்றீரியாவினால் உண்டாவது. மழையும் பூச்சிகளும் இதனைப் பரப்பும். பூவும் தளிரும் தீப்பட்டன போலக் கருகும். தளிர்நுனி கொக்கி போல் வளையும். நோய் கிளைவழியாக இறங்கி அடிமரத்தை அடைந்தால் மரமே மடியும். சந்தையிற் பெயர்பெற்ற பாட்லெற் இனம் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றது.

இந்நோயை எதிர்க்கும் மக்னெஸ் என்னும் இனத்தை அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தார் 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழம் நடுத்தர அளவினது. பச்சை மஞ்சள் தோலிற் கபில நிறம் படர்ந்திருக்கும். சதை மென்மையும் சாறும் இனிப்பும் மிக்கது. பெயார்ஸ் பழங்களில் நாவிற்படும் மணற்றன்மை இதில் இல்லையென்றே கூறலாம்.

இத்துணைச் சிறப்பிருந்தும் குறைகளும் உள. மரம் செழித்து வளரும். ஆனாற் காய்க்கத் தொடங்கப் பல ஆண்டுகள் செல்லும். அதன் மகரந்தம் மலடு. ஆகவே, தனித்து நின்று காய்க்காது. அயல் மரங்களுக்கும் உதவாது. மகரந்தம் தரக்கூடிய வேறு இனங்கள் அருகிலிருத்தல் வேண்டும். இருப்பினும் விளைச்சல் குறைவே. நோயினின்று தப்பிய மரம் உரியவனின் கடனைத் தீர்க்கும் மரமாகிவிடாது.

நமது வயல்களும் இப்பாடத்தைக் கற்பித்துள்ளன. 1950களின் இறுதியில் வெளிவந்த எச்-4 நெல்லினம் எரிபந்த நோயை எதிர்த்து நாடெங்கும் பரவியது. ஆயினும் அதன் தாள் உயரமானது. நைதரசன் பசளையை மிகுதியாக இட்டபொழுது பயிர் சாய்ந்தது. மரக்கறித் தோட்டத்திலும் இவ்வாறே. பற்றீரியா வாடலை எதிர்க்கும் தக்காளி இலைச்சுருள் நோயையும் எதிர்க்குமெனக் கொள்ளலாகாது.

ஆகவே கமக்காரர்களே, விதையோ கன்றோ வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோயை எதிர்க்கும்? எக்காலத்தில், எவ்வளவு விளைவு தரும்? அதனிடமுள்ள குறை யாது? மூன்றாவதற்கு விடை கிடையாதவிடத்து முழு நிலத்தையும் ஒப்படையாது, முதலில் ஒரு சிறு பாத்தியிற் பயிரிட்டுப் பாருங்கள்.

இனத்தைச் சிபாரிசு செய்யும் எம்போன்ற போதனாசிரியர்களுக்கும் ஒரு கடமையுண்டு. நன்மையைக் கூறும் அதே வாயாற் குறையையும் கூறல் வேண்டும். குறையை மறைத்துக் கொடுத்த நல்லினம், அடுத்த போகத்தில் நம்பிக்கையையே அழித்துவிடும்.