விளக்கா, முனியா?

தஞ்சைச் சீமை வயற்காட்டின்மேல் இரவில் ஒரு வெளிச்சம் அசையாது நின்றால் போதும். முனி என்பாரும், பரிகாரமென்று தட்டு நீட்டுவாரும் கிளம்பிவிடுகிறார்கள். தஞ்சையில் 2013-ல் விமானப்படைத் தளம் திறந்ததும், 2020-ல் சுகோய் விமானங்கள் வந்து சேர்ந்ததும் இவர்கள் அறியாததா என்று கேட்கிறோம்.

ஆயிரம் மீட்டர் உயரத்தில் நம்மை நோக்கி வரும் விமானம் 40 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 20-க்கு நெருங்கினாலும், கண்ணுக்கு ஒன்றரை டிகிரிதான், அதாவது நீட்டிய கையில் ஒரு விரற்கடைதான், மேலேறும். வெளிச்சம் மாத்திரம் நான்கு மடங்காகும். அத்தூரத்துச் சத்தம் வந்துசேர ஒரு நிமிஷமாகும். நேரே வரும் ரயிலின் விளக்கும் இப்படித்தான் நிற்பதாகத் தோன்றுகிறது. அதற்கு எவராவது படையல் போடுகிறார்களா?

தோழர்களே! பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். விமானமானால் விளக்கு விலகும், இரைச்சல் கேட்கும். விலகாவிட்டால் வெள்ளிக் கிரகமோ, கோபுர விளக்கோ என்று விசாரியுங்கள். அதற்குள் மடியை அவிழ்த்தீர்களானால், போன பணம் திரும்பாது!