அந்தப் பூட்டைக் கழற்றுங்கள்

நம் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நம் கல்லூரியைப் பார்த்துவிட்டு டொராண்டோ திரும்பி மூன்று வாரமாகிறது. அந்தப் பூட்டு இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

நாம் பீஸ் கட்ட வரிசையில் நின்ற ஜன்னலுக்கு எதிரே 'மாணவர் ஆலோசனை மையம்' என்று புதுப் பலகை. கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவி கேட்டேன். "ஆபீஸ்ல பேரு, கிளாஸ், காரணம் எழுதிக் குடுத்து வாங்கணும் சார்" என்றார்கள். மனம் உடைந்து வருகிற பிள்ளை காரணம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அழ வேண்டுமா? ஒரு பூட்டுக்கா இவ்வளவு கோபம் என்பீர்கள். நம் எல்லோர் மனசாட்சியிலும் அது தொங்குவதாகவே எனக்குப் படுகிறது.

விடுதியில் என் அறைத்தோழனை நினைவிருக்கிறதா? மூன்று மாத மெஸ் பாக்கி. ராத்திரியெல்லாம் விழித்தே கிடப்பான். ஒரு விடியற்காலை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான். தைரியமில்லாதவன் என்றோம். பக்கத்துக் கட்டிலில் நான் வெளிநாட்டுப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அந்தப் படிப்புதான் என்னை இங்கே கொண்டுவந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் கல்லூரி மாணவர்களுக்கென்றே 2013 முதல் 'குட்2டாக்' என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ வழி தெரியாவிட்டால் 211-ஐக் கூப்பிடலாம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே என் மகளுக்கு இதெல்லாம் தெரிந்துவிட்டது. பரீட்சை நேரத்தில் ஒருமுறை குட்2டாக்கைக் கூப்பிட்டுப் பேசினேன் என்று சாப்பிடும்போது சொன்னாள். கூச்சமே இல்லாமல் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊரை விட்டு வந்தவன் உபதேசம் செய்யலாமா? தெரியவில்லை. ஆனால் நம்மிடம் என்ன குறை? 14416, டெலி மனஸ் என்ற மனநல உதவி எண்: 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதையெல்லாம் பிள்ளையின் கையில் கொண்டுசேர்க்கத்தான் ஆளில்லை.

கல்லூரிப் பொன்விழா நுழைவு வளைவுக்கு நன்கொடை கேட்டிருந்தீர்கள். வளைவுக்குத் தர எனக்கு மனமில்லை. ஓர் ஆலோசகரின் முதலாண்டுச் சம்பளத்தை நான் தருகிறேன். அடுத்த ஆண்டுகளுக்கு நீங்கள் சேருங்கள். விடுதிக் கழிப்பறைக் கதவுகளின் உட்புறம் 14416-ஐ ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் ஒரு பிள்ளை குறித்துக்கொள்ளட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை.

உங்களில் ஒருவன்